அணையக் கூடாத டார்ச்

அத்தியாயம் 9

“துக்க வீடு. உள்ளே போய் ஏதாவது ஜோக் அடிச்சே, நாக்கை அறுத்து உன் கையிலேயே குடுத்துடுவேன்” என்றார் மேடம், காரைப் பூட்டிக்கொண்டே.

“நான் வாயே திறக்கலையே மேடம்.”

“திறக்கப் போறே. மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு.”

ஆபீஸில் எனக்குப் பெயர் ரேடியோ. போட்டால் நிற்காது என்பதால். பெயர் வைத்தவர் இதே மேடம்தான். தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் ஏதோ ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். ஆள் செத்துவிட்டார் என்று டாக்டர் சர்டிஃபிகேட்டை நீட்டினாலும், “சரி, அவரையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க” என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்டவரிடம் சம்பளம் வாங்கிப் பிழைக்கிறவனுக்கு வாயாவது கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டாமா?

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருந்தது. மேடம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறினார். செத்துப் போனவர் லிஃப்ட் மெக்கானிக். நானும் பேசாமல் படியேறினேன்.

கதவைத் திறந்தவர் மெக்கானிக்கின் மனைவி. எங்களைப் போனில் கூப்பிட்டவரும் அவர்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். என் வாய் தானாகவே “வணக்கம் அக்கா” என்றது. அழுத முகம் இல்லை. தூங்கிய முகமும் இல்லை. மீட்டர் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது மாதிரி, “செருப்பு பரவாயில்ல, உள்ளே வாங்க” என்றார்.

உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

“எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும் மேடம். என் வீட்டுக்காரரைக் கொன்னது என் தம்பியா, இல்லையா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடம் அசையவில்லை. “முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றார்.

அக்கா ஏற்கெனவே பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னார். ஊரின் நடுவில் ஒரு ஏழு மாடிக் கட்டடம். எல்லாம் ஆபீஸ்கள். அங்கே லிஃப்ட்டைப் பழுது பார்ப்பவர் கணவர். எலக்ட்ரீஷியன், அக்காவின் கூடப் பிறந்த தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே கணவர்தான். ராத்திரி லிஃப்ட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். காலை எட்டு மணிக்குத் தம்பி வந்து போடுவான். போன வாரம் ஒரு நாள் அப்படித்தான் போட்டான்.

“பதினொரு மணிக்கு லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருதுன்னு கட்டட மேனேஜர் அதை நிறுத்திட்டு, கீழ்த்தளக் கதவைச் சாவி போட்டுத் திறந்து பார்த்திருக்கார். அடியில குழி இருக்கும்ல, அங்கேர்ந்து வெளிச்சம் வந்துச்சாம். எட்டிப் பார்த்தா...” அக்கா நிறுத்திவிட்டு, மேஜை விரிப்பை ஓரம் இழுத்துச் சரிசெய்தார். “இவர் கிடந்தார். பக்கத்துல இவரோட சின்ன டார்ச் எரிஞ்சுட்டிருந்துச்சு. இன்ஸ்பெக்டர் வந்து சேர்றப்ப பன்னிரண்டரை. அப்பவும் பளிச்சுனு எரிஞ்சுதாம். நானே என் கையால அணைச்சு எடுத்து வெச்சேன்னு அவர் சொன்னார்.”

“முந்தின நாள் ராத்திரி இவர் வீட்டுக்கு வரலையா?”

“சாயங்காலமே மேனேஜர் போன் பண்ணினார். லிஃப்ட்ல வேலை பாக்கி இருக்கு, உங்க வீட்டுக்காரர் போன்ல சார்ஜ் இல்ல, ராத்திரி இங்கேயே தங்கிக் காலையில முடிச்சுட்டு வருவார்னார். அது அடிக்கடி நடக்கறதுதான்.”

ஆக, போலீஸ் கட்டிய கதை இதுதான். ராத்திரி கட்டடத்திலேயே படுத்தவர், விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் டார்ச்சோடு உள்ளே இறங்கியிருக்கிறார். எட்டு மணிக்கு மச்சினன் ஸ்விட்சைப் போட, லிஃப்ட் நகர்ந்து ஆளைத் தட்டிக் குழிக்குள் தள்ளிவிட்டது. விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எந்த நேரம் என்று கேட்டால், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலைக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கையை விரித்துவிட்டார்.

“நாளைக்குச் சாயங்காலம் தம்பி ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கப் போறான். நான்தான் கொன்னேன்னு. யார் சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்கறான்” என்றார் அக்கா. “கையெழுத்துப் போட்டுட்டான்னா, அப்புறம் அவனே அதை நம்பிடுவான் மேடம். ஆயுசு பூரா.”

“சாயங்காலமே அவர் விழுந்திருந்தா? தம்பி ஸ்விட்ச் போடறதுக்கு எத்தனையோ மணி நேரம் முன்னாடியே?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சேன். ஆனா டார்ச் எரிஞ்சுட்டிருந்துச்சே! அம்மாம்பெரிசு டார்ச் கிடையாது, விரல் நீளம். ராத்திரி பூரா எரிஞ்சு, மறுநாள் மத்தியானம் வரைக்கும் எரியுமா என்ன?”

“எரியுமா?” என்று மேடம் திருப்பிக் கேட்டார். “யாராவது எரிச்சுப் பார்த்தாங்களா?”

யாரும் பார்க்கவில்லை.

போலீஸ் திருப்பிக் கொடுத்த கவரை அக்கா கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தார். ஒரு கைக்கடிகாரம், ஒரு சாவிக்கொத்து, அந்த டார்ச். டார்ச்சின் பின்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப் முழுக்கப் பல் தடம்.

“ரெண்டு கையும் வேலையில இருக்கும்ல? பல்லுல கடிச்சுக்குவார்” என்றார் அக்கா.

மேடம் டார்ச்சைத் திருகிப் பேட்டரிகளை உள்ளங்கையில் கொட்டினார். கடையில் விற்கிற சாதாரண அளவு. இரண்டின் தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு.

“இது?”

“என் நகப் பாலிஷ். சார்ஜ் போடற பேட்டரி மேடம், தூக்கிப் போட மாட்டோம். வீட்டுல மொத்தம் நாலு இருக்கு. சிவப்புப் பொட்டு ரெண்டும் அவர் டார்ச்சுக்கு. நீலப் பொட்டு ரெண்டும் டிவி ரிமோட்டுக்கு. கலந்து போட்டா ஜோடி கெட்டுப் போய் ரெண்டுமே சீக்கிரம் செத்துடும்னு அவர்தான் சொல்வார். வருஷக்கணக்கா இதேதான் ஓடுது.”

ஜோடி என்றதும் என் வாயில் ஏதோ ஒன்று வந்து நின்றது. மேடம் என்னைப் பார்த்தார். அதை அப்படியே விழுங்கினேன்.

“அன்னைக்கு வேலைக்குப் போறப்ப சார்ஜ் இருந்துச்சா?”

“தினமும் முழு சார்ஜ் ஏத்தித்தான் குடுத்தனுப்புவேன். சமையல் ரூம்லதான் சார்ஜர் இருக்கு.”

“இப்பவும் ஏத்துங்க. நாளைக்குக் காலையில வந்து நாமளே எரிச்சுப் பார்த்துடலாம். இதே டார்ச், இதே பேட்டரி.”

அக்காவின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக உயிர் என்று ஒன்று தெரிந்தது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. விரல் நீள டார்ச் ராத்திரி முழுக்க எரியுமா என்று எனக்கே சந்தேகம்.

தம்பி உள் அறையில் இருந்தான். கட்டிலில் உட்காராமல் தரையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு தட்டில் சாப்பாடு காய்ந்து கிடந்தது. இருபத்தைந்து வயசு இருக்கும். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

“அன்னைக்கு ஸ்விட்ச் போர்டுல ஏதாவது மாட்டியிருந்துச்சா?” என்றார் மேடம்.

“உள்ள இறங்கினா மாமா ஒரு அட்டை மாட்டுவார். ‘ஆள் உள்ளே இருக்கிறார், ஸ்விட்சைத் தொடாதே’ன்னு. அன்னைக்கு அட்டை இல்ல. இருந்தா கை வைப்பேனா?”

“மாட்ட மறந்துட்டாரோ?”

“மாமாவா?” முதல் தடவையாக எங்கள் பக்கம் திரும்பினான். “சாப்பிட மறப்பார். அட்டையை மறக்க மாட்டார்.” மறுபடியும் சுவரைப் பார்த்தான். “கீழே விழுந்து கிடந்திருக்கும். நான்தான் பார்க்காம போட்டுட்டேன். தினமும் போடற ஸ்விட்ச், யார் குனிஞ்சு பார்க்கறாங்க? நான்தான் கொன்னேன்.”

“லிஃப்ட் கதவுச் சாவி உன்கிட்ட இருக்கா?”

“அதெல்லாம் எனக்குத் தர மாட்டாங்க.”

“அன்னைக்கு ஸ்விட்ச் போட்டுட்டு என்ன பண்ணினே?”

“வழக்கமா பண்றதுதான். மாடி மாடியாப் போய் லைட் பார்த்தேன்.”

வெளியே வந்தபோது எனக்கு ஏதாவது பேசியாக வேண்டும் போல் இருந்தது. “குற்றவாளி ஓடுவான், நாம துரத்தணும். இங்க குற்றவாளி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறான். நம்ம பிழைப்பு நாறிடும் மேடம்” என்றேன். மேடம் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானமே மேனேஜரைப் போய்ப் பார்த்தோம். கீழ்த்தளத்தில் லிஃப்ட்டுக்கு எதிரிலேயே அவர் அறை. லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று எழுதிய போர்டு தொங்கியது. மாடியேறுகிறவர்கள் எல்லோரும் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படிப் பக்கம் போனார்கள்.

மேனேஜர் நன்றாகச் சவரம் செய்த, வாசனை அடிக்கிற மனிதர். எங்களுக்காக ஏ.சி.யைக் கூட்டி வைத்தார்.

“ரொம்ப நல்ல மனுஷன் மேடம். சொந்தத் தம்பி மாதிரி வெச்சிருந்தேன். அந்தப் பையன் மேலேயும் எனக்குக் கோபம் இல்ல. தெரியாம நடந்தது. போலீஸ்ல நானே சொல்லியிருக்கேன், பார்த்து நடந்துக்குங்கன்னு.”

“பெரிய மனசு சார் உங்களுக்கு” என்றேன் நான். “இந்த அறையே பத்தல.”

மேடம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். “அன்னைக்குச் சாயங்காலம் நீங்க எப்பக் கிளம்பினீங்க?”

“ஏழு இருக்கும். அவர் தங்கறேன்னார், சரின்னேன்.”

“ராத்திரி அவரைக் கட்டடத்துல வேற யாராவது பார்த்தாங்களா?”

“வாட்ச்மேன் வாசல்ல இருப்பான். உள்ள வரமாட்டான்.”

“லிஃப்ட் கதவுச் சாவி யார் யார்கிட்ட?”

“ரெண்டே சாவி. ஒண்ணு அவர் கொத்துல இருந்துச்சு, இன்னொண்ணு இதோ என் இடுப்புல. வேற யாருக்கும் குடுக்கறதில்ல. அந்த விஷயத்துல நான் ரொம்பக் கறார்.”

“நீங்க கதவைத் திறந்தப்ப டார்ச் எரிஞ்சுதா?”

“கண்ணைக் கூசற மாதிரி. பாவம், விடியக்காலையில இறங்கியிருக்கார். அந்த டார்ச் எட்டு மணி நேரம் எரியும் மேடம், பெட்டியிலேயே போட்டிருக்கு. ஸ்டாஃப் எல்லாருக்கும் நான்தான் வாங்கிக் குடுத்தேன்.”

மேடம் தலையாட்டி, நன்றி சொல்லி எழுந்துவிட்டார். அவ்வளவுதானா என்று எனக்கு ஆகிவிட்டது. வெளியே வந்ததும் கேட்டேன்.

“எட்டு மணி நேரம்னு பெட்டியிலேயே போட்டிருக்காமே? அக்காவோட நம்பிக்கை அவ்வளவுதானா மேடம்? சாயங்காலம் போட்ட டார்ச், எட்டு மணி நேரத்துல நடு ராத்திரி தாண்டினதும் அணைஞ்சிருக்குமே.”

“ரேடியோ, அந்த டார்ச் எத்தனை மணி நேரம் எரியும்னு நான் அவரைக் கேட்டேனா?”

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

“கேட்காததை ஒருத்தன் எதுக்குச் சொல்றான்னு, வெட்டிப் பேச்சுப் பேசற உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே” என்றார் மேடம். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா வீட்டில் இருந்தோம். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரிகளை எடுத்துத் துடைத்து டார்ச்சில் போட்டவர் அக்காதான். கை பழகிய வேலை, பார்க்காமலேயே செய்தார். படுக்கையறைத் திரையை இழுத்துவிட்டோம். ஒரு காபிக் கோப்பைக்குள் டார்ச்சை நிறுத்தி, வெளிச்சம் சுவரில் விழுகிற மாதிரி வைத்து, மேடம் பட்டனை அழுத்தினார். சுவரில் வட்டமாக வெள்ளை வெளிச்சம் விழுந்தது.

“இனிமே?” என்றேன்.

“இனிமே பார்த்துட்டு உட்கார வேண்டியதுதான்.”

பால் பொங்குவதைப் பார்த்திருக்கிறேன், பெயின்ட் காய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு டார்ச் சும்மா எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். துப்பறியும் தொழில் என்றால் துரத்தல், துப்பாக்கி, வெட்டுக்குத்து என்று எங்கள் வீட்டில் பீற்றி வைத்திருக்கிறேன். என் மாமியார் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொண்டு போயிருப்பார்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணவருடைய யூனிஃபார்ம் சட்டையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அதே சட்டை. கண் சுவரை விட்டு நகரவில்லை.

“உங்களுக்கு அழுகை வரலையா அக்கா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “வரல தம்பி. ஏன்னு எனக்கே தெரியல. அவரை நினைச்சு அழலாம்னா, உள்ள இருக்கறவன் முகம் வந்து நிக்குது. அழுதா, அவனைத் திட்டற மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு. அவனுக்காக அழலாம்னா அவர் வந்து நிக்கறார். கை கால் எல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கு. சாப்பிடறேன், குளிக்கறேன், எல்லாம் நடக்குது.”

மேடம் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பத்து மணி ஆயிற்று. வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. எனக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. எரி ராசா, எரி. பெட்டியில் எட்டு என்று போட்டால் என்ன, நீ பதினெட்டு எரி. இன்றைக்கு ராத்திரி நான் இங்கேயே தரையில் படுத்துக்கொள்கிறேன், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எரிந்துகொண்டே இரு. இன்ஸ்பெக்டரை இழுத்துக்கொண்டு வந்து காட்டுகிறேன். அக்காவின் உதடும் அசைந்தது. அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது.

பத்தரை. பத்தே முக்கால். எனக்குக் கால் மரத்துப்போய் எழுந்து நின்றேன்.

பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சுவரில் இருந்த வெள்ளை வட்டம் மஞ்சளானது. ஏதோ என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். மஞ்சள் பழுப்பானது. நான் “மேடம்” என்று சொல்லி முடிப்பதற்குள் பொசுக்கென்று அணைந்துவிட்டது.

நான் டார்ச்சை எடுத்து உதறினேன். பட்டனை இரண்டு மூன்று தடவை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க எரியும் என்று பார்த்தால், எட்டு மணி நேரம்கூட வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

அக்கா சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்தார். “சரி மேடம்” என்றார். அவ்வளவுதான். எழுந்து திரையை விலக்கப் போனார். எனக்கு அந்தச் ‘சரி’யைத் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மேடம் சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம். “துக்க வீட்டுல வாயைத் திறக்கக் கூடாதுங்கற சட்டம் எனக்கு மட்டும்தானா மேடம்?”

“உட்காருங்க ரெண்டு பேரும்” என்றார் மேடம். “நீங்க எரியணும்னு வேண்டிக்கிட்டிருந்தீங்க. நான் அணையணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். எங்கே அஞ்சாறு மணி நேரம் எரிஞ்சு தொலைச்சிடுமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல்.”

“புரியல மேடம்” என்றார் அக்கா.

“உங்க தம்பி ஸ்விட்ச் போட்டது எட்டு மணி. அதனாலதான் உங்க வீட்டுக்காரர் விழுந்தார்னா, எட்டுக்கு முன்னாடியே அவர் டார்ச்சைப் போட்டிருக்கணும். இல்லையா? இருட்டுக்குள்ள டார்ச் இல்லாம யாரும் இறங்க மாட்டாங்க.”

“ஆமாம்.”

“எட்டு மணிக்கு எரிஞ்ச டார்ச், இந்தப் பேட்டரியில எப்ப அணையும்? ரேடியோ, கணக்குப் போடு.”

“பத்து... பத்தேகால்.” சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. “மேடம்! இன்ஸ்பெக்டர் பன்னிரண்டரைக்கு வந்தப்ப எரிஞ்சுட்டிருந்துச்சே!”

“பளிச்சுனு. அப்பன்னா அதைப் போட்டது பத்தேகாலுக்கு மேலதான். விழுந்த உடனே உயிர் போனவர் ரெண்டு மணி நேரம் கழிச்சு எழுந்து டார்ச் போட மாட்டார். யாரோ ஒருத்தர் குழிக்குள்ள இறங்கிப் போட்டிருக்காங்க. கதவு திறக்கச் சாவி வேணும். ஒரு சாவி செத்தவர் கொத்துல. உங்க தம்பிகிட்டச் சாவியே கிடையாது.”

“மேனேஜர்” என்றேன்.

“கதவைத் திறந்தார், இறங்கினார், டார்ச்சைப் போட்டார், மேல வந்து ‘ஐயையோ’ன்னு கத்தினார். அவ்வளவுதான். தப்புப் பண்ணாத மனுஷன் எதுக்கு டார்ச்சைப் போட்டு வெச்சுட்டு, அதுவா எரிஞ்சுதுன்னு சொல்லணும்? விடியக்காலையில இறங்கினார்னு எல்லாரும் நம்பணும். ஏன் நம்பணும்? உண்மையில அவர் விழுந்தது முந்தின நாள் சாயங்காலம். அட்டை எங்கே போச்சுன்னும் அவருக்குத்தான் தெரியும்.”

“பெட்டியில எட்டு மணி நேரம்னு போட்டிருந்ததே அவரைக் கவுத்துடுச்சா?”

“அது புதுப் பேட்டரி போட்டா. அந்த ஆபீஸ்ல தீர்ந்தா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுப்பாங்க. ஒரே ஜோடியை வருஷக்கணக்கா சார்ஜ் ஏத்தி ஏத்தி ஓட்டற வீடும் இருக்கும்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

அக்கா பேட்டரிகளைக் கையில் எடுத்தார். தலையில் இருந்த சிவப்புப் பொட்டைக் கட்டை விரலால் தேய்த்தார். “இது எங்க பேட்டரிதான்” என்று மட்டும் சொன்னார், யாரோ மறுத்துப் பேசியது மாதிரி. “தம்பிகிட்டச் சொல்லட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்க. பாதியில சொல்லி ஏமாந்துடக் கூடாது.” மேடம் போனை எடுத்தார். “இன்ஸ்பெக்டர் சார், டார்ச்சை நீங்க அணைச்சப்ப நல்லா எரிஞ்சுதுதானே? வெளிச்சம் மங்கலையே? நல்லது. உடனே இங்க வாங்க. வர்ற வழியில மேனேஜரைக் கூட்டிக்கிட்டு வந்தாலும் சரி, ஸ்டேஷன்லேயே உட்கார வெச்சுட்டு வந்தாலும் சரி.”

இன்ஸ்பெக்டர் தனியாக வந்தார். முதலில் முறுக்கிக்கொண்டார். “இந்தப் பொட்டு, இந்தப் பேட்டரி, நான் சீல் வெச்சுக் குடுத்ததுதான், ஒத்துக்கறேன்” என்றார். மேடம் சொல்லச் சொல்ல முகம் மாறிற்று. கடைசியில், “ஒரு டார்ச்சை எரிச்சுப் பார்க்க எனக்குத் தோணலையே” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது. மேடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

“சாவியையும் டார்ச் கணக்கையும் முன்னாடி வெச்சதும் மேனேஜர் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார் மேடம். முந்தின நாள் சாயங்காலம் ஆறாவது மாடி ஆபீஸ்காரங்க காலி பண்ணிட்டிருந்தாங்களாம். சாமான் இறக்கணும், லிஃப்ட் எங்கேன்னு சத்தம் போட்டிருக்காங்க. இவர் போய் அட்டையைக் கழட்டிட்டு ஸ்விட்சைப் போட்டிருக்கார். ஆள் வேலையை முடிச்சுட்டு மேல வந்திருப்பார்னு நினைச்சேங்கறார். ஒரு குரல் குடுத்துக் கேட்கல. அரை மணி நேரத்துல மிச்சச் சாமான் இறங்கி அவங்க போன பிறகுதான் குழியில வெளிச்சம் தெரிஞ்சு பார்த்திருக்கார். கதவு இடுக்கு வழியா வாட்ச்மேன் கண்ணுல பட்டுடும்னு இறங்கி டார்ச்சை அணைச்சுட்டு, மெயினையும் அணைச்சுட்டு, அந்த அம்மாவுக்குப் போன் போட்டிருக்கார். மறுநாள் பையன் வழக்கம்போல ஸ்விட்சைப் போடுவான், பழி அவன் மேல விழும்னு கணக்கு. கேஸ் புக் பண்ணிட்டேன். அந்தப் பையனைச் சாயங்காலம் வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

நான் கையைத் தட்டிவிட்டேன். பழக்க தோஷம். ஜெயித்தால் தட்டுவது. யாரும் கூடச் சேர்ந்து தட்டவில்லை. அக்கா எழுந்து உள் அறைக்குப் போனார். நாங்கள் வாசலோடு நின்றுகொண்டோம்.

தம்பி அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் முன்னால் மண்டியிட்டு, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார்.

“நீ இல்லடா. கேக்குதா? நீ இல்ல. மேனேஜர் ஒத்துக்கிட்டார். முந்தின நாள் சாயங்காலமே நடந்துடுச்சு. நீ ஸ்விட்ச் போடறதுக்கு ரொம்ப முன்னாடி. உன் கை இதுல படவே இல்லடா.”

அவன் அக்காவையே பார்த்தான். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு வாரமாகச் சுமந்ததை இறக்கி வைக்க அவனுக்கு வழி தெரியாத மாதிரி இருந்தது. எழுந்து குதிப்பான், அழுவான், அக்காவைக் கட்டிக்கொள்வான் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

“அப்ப ராத்திரி பூரா மாமா அங்கேயே தனியா கிடந்தாராக்கா?”

அக்காவின் கை அவன் கன்னத்திலிருந்து நழுவியது.

“காலையில மாடிக்கு லைட் பார்க்கப் போனேன்ல, அந்த லிஃப்ட்லதான் போனேன். ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். அவர் அடியில இருந்திருக்கார்.” அவன் குரல் உடையத் தொடங்கியது. “பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போனேன்க்கா.”

மேடத்தைப் பார்த்தேன். எதையும் நம்பாத அந்தக் கண்கள் தரையைப் பார்த்தன. இப்படி ஒரு கேள்வி வரும் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. அவன் நிரபராதி என்று காட்ட நாங்கள் கண்டுபிடித்தது இதைத்தான்: அந்த மனிதர் ராத்திரி முழுக்க அங்கே கிடந்தார் என்று.

அக்கா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

“நான் தூங்கிட்டிருந்தேன்டா” என்றார். “அவர் வரமாட்டார்னு தெரிஞ்சதும், கட்டில் பூராவும் எனக்குன்னு கை காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன். ஒரு தடவைகூட முழிப்பு வரல.”

சொல்லி முடித்ததும் அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. தம்பி அவர் தலையைத் தன் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டான். இரண்டு பேரும் அழுதார்கள், சத்தம் போட்டு, அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி. மேடம் போய் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.